படுக்கையில் இருக்கும் முதியவருக்கு இல்லம் தேடுகிறோம்: செவிலியர் எத்தனை பேர் இருக்க வேண்டும்?

செம்மண்டலம் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் அத்தைக்கு 79 வயதாகிறது. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்ததில் அவருடைய வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். சிறுநீருக்குக் கதீட்டர் வைத்திருக்கிறார்கள். விழுங்கும்போது புரையேறுவதால் உணவைக் கூழ்ப்பதத்தில்தான் கொடுக்கிறோம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் இதுவரை எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவந்தோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏஜென்சி மூலம் வந்த பெண்கள் யாரும் நிலைத்து இருக்காததால், மனமில்லாமல்தான் இல்லம் ஒன்றில் சேர்ப்பது என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

கடலூரிலும் புதுச்சேரியிலுமாகச் சில இல்லங்களைப் பார்த்தோம். எல்லோரும் ஒரே குரலில் "எங்களிடம் 24 மணி நேரமும் நர்ஸ் உண்டு" என்கிறார்கள். ஓரிடத்தில் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, இளம்பெண் ஒருவரை அழைத்து வந்து நிறுத்தினார்கள். எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தால், பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கேயே வேலை பழகிக்கொண்டதாக அந்தப் பெண் வெள்ளந்தியாகச் சொன்னார். வேறோர் இல்லத்தில் முறையாகப் படித்த செவிலியர் இருக்கிறார். ஆனால் மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இத்தனை முதியவர்களுக்கு இத்தனை செவிலியர் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஏதேனும் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால், அத்தையின் நிலையில் இருப்பவருக்கு எது போதுமானது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படி மதிப்பிடுவது? கட்டணம் இல்லத்துக்கு இல்லம் மிகவும் வேறுபடுகிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் பராமரிப்புக்குப் போகிறதா, குளிர்சாதனத்துக்கும் தோட்டத்துக்கும் போகிறதா என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திருப்பாதிரிப்புலியூர் சிஸ்டர் எழுதியது:

அம்மா, அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "24 மணி நேரமும் நர்ஸ்" என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வியாக "உங்கள் சம்பளப் பட்டியலில் எத்தனை நர்ஸ்கள் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் ஆறு நாள் வேலை செய்தால் 48 மணி நேரம். ஆகவே ஓர் இடத்தில் எந்நேரமும் ஒரே ஒரு செவிலியர் இருப்பதற்கே மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், திருவிழா, பிரசவம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? மருத்துவமனைகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோலில் விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆள் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதன்படி பார்த்தால் நாலரைக்கு மேல் வருகிறது. நடைமுறையில் ஐந்து பேர். பட்டியலில் இரண்டே நர்ஸ்கள் இருந்துகொண்டு 24 மணி நேர சேவை என்று சொன்னால், அவர்கள் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 84 மணி நேரம், விடுப்பே இல்லாமல் உழைக்கிறார்கள் என்று பொருள். அல்லது அந்த வாக்குறுதி உண்மையில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அத்தைக்கு நல்லதில்லை.

அதே கவுன்சில் போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று வகுத்திருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் அந்தக் கணக்கை வார்டில் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம். முதியோர் இல்லம் மருத்துவமனை அல்ல. அங்கே அந்த விகிதத்தை எதிர்பார்ப்பதும் சரியல்ல. இல்லத்தில் நாள் முழுவதும் நடக்கும் வேலையில் பெரும்பகுதியை நன்றாகப் பழக்கப்பட்ட அட்டெண்டர்களே செய்யலாம். செவிலியரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாத வேலைகள் சில உண்டு. அவை எவை, எந்த நேரத்தில் வருகின்றன என்று பிரித்துப் பார்த்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

அத்தையையே எடுத்துக்கொள்வோம். இன்சுலின் அளவு பார்த்து ஏற்றிப் போடுவது, கதீட்டர் மாற்றுவது, அது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று முடிவெடுப்பது, காய்ச்சல் வந்தால் அது சிறுநீர்த் தொற்றா நெஞ்சுச் சளியா என்று ஊகித்து மருத்துவருக்குச் சரியான விவரம் சொல்வது ஆகியவை செவிலியரின் வேலை. நாளைக்கு மூக்குக்குழாய் போட வேண்டிய நிலை வந்தால், குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்த பிறகே உணவு ஊற்ற வேண்டும். அதைத் தெரியாதவர் செய்தால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயபர் மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது ஆகியவை அட்டெண்டர் வேலை. இவற்றில் கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இல்லங்களில் ஆள் பற்றாக்குறை முதலில் வெளிப்படுவது இங்கேதான். பக்கவாதம் வந்த ஒருவரை ஒற்றை ஆளாகப் புரட்டினால், தூக்க முடியாமல் இழுப்பார்கள். இழுக்கும்போது மேல்தோல் படுக்கை விரிப்போடு ஒட்டி நின்றுவிட, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. வால் எலும்புக்கு மேல் உள்ள தோல் உள்பக்கமாகக் கிழிகிறது. வெளியே சிவப்பாகத் தெரிவதற்கு முன்பே சேதம் நடந்துவிடும். சரியான முறை என்னவென்றால், இடுப்புக்கு அடியில் குறுக்காக ஒரு விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். இதற்கு ஆளுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். படுக்கையில் பன்னிரண்டு பேர் இருக்கும் இல்லத்தில் ஒரு சுற்றுப் புரட்டி முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அடுத்த சுற்றுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் மிச்சம். இடையில் டயபர், தண்ணீர், யாராவது கூப்பிடுவது எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரவில் ஒரே அட்டெண்டர் என்றால், புரட்டுவது நடக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆகையால், இல்லத்தில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நடமாடும் முப்பது பேருக்கு இரவில் இரண்டு ஆள் போதும். படுக்கையில் இருக்கும் முப்பது பேருக்கு அது எந்த வகையிலும் போதாது. முடிந்தால் முன்னறிவிப்பின்றி இரவு எட்டரை மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். படுக்கைப்புண் தடுப்புக்காகப் புரட்டிய நேரத்தைக் குறித்து வைக்கும் தாள் கட்டிலருகே தொங்குகிறதா, அதில் நேற்று இரவின் நேரங்கள் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதப்பட்டவையா என்று கவனியுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். உங்களுக்கும் தெரியும்.

மஞ்சக்குப்பம் வழக்கறிஞர் எழுதியது:

சட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற அளவில், ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம் என்றும், அவற்றின் தரத்தையும் சேவைகளையும் திட்டமாக வகுக்கலாம் என்றும் சொல்கிறது. கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் இல்லத்தில் இத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்தக் குறையை உணர்ந்துதான் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. முதியோர் இல்லங்களையும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் பதிவு செய்வதும் குறைந்தபட்சத் தரம் வகுப்பதும் அதில் இடம்பெற்றிருந்தன. அது நிறைவேறாமலே 2024இல் அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியாகிவிட்டது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூரிலிருந்து அரை மணி நேரத்தில் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் நீங்கள் வேறோர் அரசின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடலூர் பக்கத்து இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். புதுச்சேரி இல்லம் என்றால் அங்குள்ள சமூக நலத் துறையை அணுக வேண்டும். பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். 2023இல் விழுப்புரம் மாவட்டத்தில் உரிய அனுமதியின்றி இயங்கிய இல்லம் ஒன்றிலிருந்து அங்கு தங்கியிருந்தவர்களை அதிகாரிகள் வெளியேற்றிய செய்தி நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

தங்குமிடம் தருவது சமூக நலத் துறையின் பார்வைக்கும், சிகிச்சை தருவது சுகாதாரத் துறையின் பார்வைக்கும் உட்பட்டவை. படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் இல்லம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் செவிலியர் எண்ணிக்கையை யாரும் வந்து எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டத்தில் எண் இல்லாததால், உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கட்டும் என்பதே என் ஆலோசனை. பெரும்பாலான இல்லங்கள் தருகிற அச்சிட்ட படிவத்தில் "தகுந்த பராமரிப்பு வழங்கப்படும்" என்று மட்டும் இருக்கும். அது நீதிமன்றத்தில் காசு பெறாது. எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பதிவு பெற்ற செவிலியர் இருப்பார், இரவில் எத்தனை அட்டெண்டர்கள் இருப்பார்கள், அந்த எண்ணிக்கை குறைந்தால் எத்தனை நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பார்கள் என்று தனி இணைப்பாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செவிலியரின் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டுப் பெறலாம்.

பணம் கொடுத்துப் பெறும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தின்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எனவே அத்தையைப் புதுச்சேரி இல்லத்தில் சேர்த்தாலும், கட்டணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள் என்றால் கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கு வேண்டாம், தகவலோ தலையீடோ போதும் என்றால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567 இருக்கிறது.

மெல்பர்ன் லாஸ்பேட்டைக்காரன் எழுதியது:

சொந்த ஊர் லாஸ்பேட்டை. சில ஆண்டுகளாக இங்கே ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறேன். இங்கே எண் சட்டத்தில் இருக்கிறது என்பதால், அது எப்படி நடக்கிறது என்று சொன்னால் பயன்படலாம்.

இங்குள்ள முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2021இல் இறுதி அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2023 ஜூலை முதல் ஒவ்வோர் இல்லத்திலும் பதிவு பெற்ற செவிலியர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று ஆனது. அத்தோடு, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று பராமரிப்பு நேரத்தை வகுத்தார்கள். 2024 அக்டோபர் முதல் நாடு தழுவிய சராசரி 215 நிமிடம். அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற செவிலியருடையது. எல்லா இல்லத்துக்கும் ஒரே அளவு கிடையாது. தங்கியிருப்பவர்களின் உடல்நிலையை மதிப்பிட்டு, படுக்கையில் இருப்பவர்கள் மிகுந்த இல்லத்துக்குக் கூடுதல் நிமிடம் என்று மாற்றி அமைக்கிறார்கள். மேலே சிஸ்டர் அவர்கள் "எத்தனை பேர் படுக்கையில்" என்று கேட்கச் சொன்னது அதே தர்க்கம்தான். முப்பது பேர் உள்ள இல்லத்துக்கு 44 நிமிட வீதம் கணக்கிட்டால் 22 மணி நேரம் வருகிறது; ஏறத்தாழ நாள் முழுக்க ஒரு செவிலியர்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சம், எந்த நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லியிருப்பது. சமையல், துணி துவைப்பது, கூட்டிப் பெருக்குவது எதுவும் சேராது. நம்மூரில் "எங்களிடம் பதினைந்து ஸ்டாஃப்" என்று சொல்லும் இடத்தில் அந்தப் பதினைந்தில் சமையல்காரர், ஓட்டுநர், வாட்ச்மேன் எல்லோரும் இருப்பார்கள். அவர்களைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலோ கதை வேறு. அங்கே 1987 முதல் உள்ள சட்டப்படி பதிவு பெற்ற செவிலியர் நாளுக்கு 8 மணி நேரம் இருந்தால் போதும். மற்ற நேரத்தில், படிப்பில் அவருக்கு ஒரு படி கீழான உரிமம் பெற்ற செவிலியராவது இருக்க வேண்டும். 2024இல் மத்திய அரசு ஒரு முதியவருக்கு நாளுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு என்றும், அதில் குறைந்தது 0.55 மணி நேரம் பதிவு பெற்ற செவிலியர், குறைந்தது 2.45 மணி நேரம் செவிலியர் உதவியாளர் என்றும் விதி கொண்டுவந்தது. இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்ஸஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றமே அந்த விதியை 2034 வரை அமல்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: இல்லங்கள் தங்கள் பணியாளர் நேரத்தைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்து அரசுக்குக் கொடுக்க வேண்டும், பொதுமக்கள் அதை இணையத்தில் பார்க்கலாம். வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை.

வில்லியனூர் இல்ல நிர்வாகி எழுதியது:

இந்த விவாதத்தில் இல்லம் நடத்துபவர் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சிஸ்டர் அவர்களின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கணக்குக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க விதியின் அந்த 3.48 மணி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேருக்கு நாளுக்கு 104 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதாவது 13 ஷிப்ட். வார விடுமுறையையும் 30 சதவீத விடுப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 20 பேரை வேலைக்கு வைக்க வேண்டும். செவிலியரையும் அட்டெண்டரையும் சேர்த்துத் தலைக்குச் சராசரி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சம்பளம் மட்டும் மாதம் 3 லட்சம். தங்கியிருக்கும் ஒவ்வொருவர் தலையிலும் 10,000 ரூபாய் விழும். வாடகை, சாப்பாடு, மின்சாரம், டயபர், மருத்துவர் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். ஆஸ்திரேலியாவில் செலவின் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. இங்கே பென்ஷன் வாங்கும் ஓர் ஆசிரியரின் குடும்பம் அதைக் கட்டிவிடும். மற்றவர்கள் வாசலில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

பணம் இருந்தாலும் ஆள் கிடைப்பதில்லை. ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்த பெண்கள் எங்களிடம் சேரும்போதே ஜிப்மர் தேர்வுக்கோ, தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. தேர்வுக்கோ படித்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லையென்றால் வளைகுடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையில் வேலை செய்தால் கற்றுக்கொள்ளலாம், பெயர் கிடைக்கும். இங்கே யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதில்லை.

8 மணி நேர ஷிப்ட் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. எங்கள் அட்டெண்டர்கள் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் மாறினால் அவர்கள் எந்தப் பேருந்தில் வீட்டுக்குப் போவார்கள்? அதனால்தான் எங்களைப் போன்ற இல்லங்களில் காலை எட்டு, இரவு எட்டு என்று 12 மணி நேர ஷிப்ட் நடக்கிறது; அவர்களே அதைத்தான் விரும்புகிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்தபோது, 40 செ.மீ.க்கும் மேல் கொட்டிய மழையில் மாற்று ஆள் யாரும் வந்து சேர முடியவில்லை. பகல் ஷிப்டில் இருந்தவர்களே தங்கி, முறைவைத்துத் தூங்கி எழுந்து பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அப்படிப்பட்ட நாளுக்கு என்ன ஏற்பாடு, பணியாளர்கள் தங்க அறை இருக்கிறதா, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்றும் கேளுங்கள். கடலோர ஊரில் அந்தக் கேள்வி மிகவும் அவசியம்.

எண்ணைச் சட்டமாக்கினால் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தும் சிறு இல்லங்கள் மூடப்படும் என்பது என் அச்சம். அதற்காக எதுவும் கேட்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரவுப் பணியாளர் பட்டியலைக் காட்டத் தயங்கும் இல்லத்தை நானும் நம்ப மாட்டேன்.

செம்மண்டலம் வாசகி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கேட்டுப் பார்த்ததில், முன்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்த ஓர் இல்லம் பட்டியல் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டது. புதுச்சேரிப் பக்கம் இருக்கும் சிறிய இல்லம் ஒன்று பட்டியலை உடனே எடுத்துக் காட்டியது. மொத்தம் 18 பேர். அவர்களில் 7 பேர் படுக்கையில். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஜி.என்.எம். படித்த செவிலியர் ஒருவர். அவருடைய விடுமுறை நாளுக்கு மாற்றாக இன்னொருவர். இரவில் இரண்டு அட்டெண்டர்கள். இரவுக்குத் தனியாகச் செவிலியர் இல்லை. ஆனால் பகல் செவிலியர் அதே வளாகத்தில் குடியிருக்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் இதை எழுதித் தரவும் சம்மதித்திருக்கிறார்கள்.

எங்களுக்கு உள்ள தயக்கம் இரவு பற்றியதுதான். அத்தைக்கென்று சொந்தச் செலவில் இரவுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமா, அல்லது இந்த ஏற்பாடே போதுமா? சிஸ்டர் அம்மாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் சிஸ்டர் எழுதியது:

ஏழு பேருக்கு இரண்டு அட்டெண்டர்கள் என்றால் ஒரு சுற்றுப் புரட்ட முக்கால் மணி நேரம். அது நடக்கக்கூடிய கணக்குதான். தனி ஆள் வைப்பதால் ஒரு சங்கடமும் வரும். "அந்த அம்மாவைப் பார்க்கத்தான் ஆள் இருக்கிறதே" என்று இல்லத்தின் அட்டெண்டர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். உங்கள் ஆள் ஒற்றையாக நின்று இழுத்துப் புரட்டுவார். எனவே அந்தப் பணத்தை இப்போதைக்குச் சேமித்து வையுங்கள். நிர்வாகி ஐயா சொன்ன 12 மணி நேர ஷிப்ட் எனக்கு உவப்பானது அல்ல என்றாலும், இரவு ஆட்கள் பகலில் வேறிடத்தில் வேலை செய்யாதவர்களாக இருந்தால் பெரிய கேடு இல்லை. அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரவு இன்சுலினை ஏழரை மணிக்குள், செவிலியர் பணியில் இருக்கும்போதே போட்டு, உணவையும் அவர் கண்முன்னே கொடுத்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி அமைந்தால், அதற்குப் பிறகு இரவில் அஞ்ச வேண்டியது சர்க்கரை இறங்குவதைப் பற்றித்தான். வியர்வை, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாமல் இருப்பது ஆகியவற்றைக் கண்டால் அட்டெண்டர் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் செவிலியரை எழுப்ப வேண்டும். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: சர்க்கரை இறங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது என்றுதான் எல்லா அட்டெண்டர்களுக்கும் பழக்கியிருப்பார்கள். அத்தைக்குத் தண்ணீர் புரையேறும் என்பதால் அது அவருக்கு ஆபத்து. நினைவோடு இருக்கும்போது என்ன கொடுக்க வேண்டும், எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவரிடம் தமிழிலேயே எழுதி வாங்கி, அத்தையின் கோப்பில் ஒரு பிரதியும் கட்டிலுக்கு மேல் சுவரில் ஒரு பிரதியும் இருக்கும்படி செய்யுங்கள். சேர்க்கும் நாளன்று இரவு அட்டெண்டர்கள் வரும்வரை காத்திருந்து, நீங்களே அவர்களிடம் அதைப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.